பொண்டாட்டிக்கு ரெண்டு பாசிட்டிவ்

வா மருமவனே. அந்த ஓரமா உக்காரு, இந்தப் பக்கம் ஆட்டுப் புழுக்கை கெடக்கு. கையில என்ன, ரிப்போர்ட்டா? ரிட்டயராகி வந்த பெறவும் ஊரு என்னைய விட மாட்டேங்கு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரி லேப்புல இருந்தவன்னு ஒரு பேரு. ஆட்டைப் பத்திக்கிட்டுப் போனாலும் வழியில நிப்பாட்டி, “கிரியாட்டினின் கூடுனா நல்லதா சின்னையா?”ன்னு கேக்கான். கூடுனா நல்லது சம்பளம் மட்டுந்தாம்ல, போன்னுட்டு வாரேன்.

சரி, கண்ணாடியை எடு. கத்தாருக்குப் போக மெடிக்கல் எடுத்த. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்து, அன்ஃபிட்டுன்னு தள்ளிட்டான். கல்ஃப்காரன் இந்த விசயத்துல கறாரு, ஏஜெண்டு கால்ல விழுந்தாலும் நடக்காது. பெறவு டாக்டர் ஒம் பொண்டாட்டிக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாரு, எடுத்த. அந்தத் தாளைப் பாத்ததுல இருந்து ஒனக்கு ஒறக்கம் இல்ல. “எனக்கு ஒரு பாசிட்டிவ்தான் மாமா, அவளுக்கு ரெண்டு பாசிட்டிவ். யாருட்ட இருந்து யாருக்கு வந்திருக்கும், நீங்களே சொல்லுங்க”ன்னு கேக்குத.

ஏல, பாசிட்டிவை எண்ணி வழக்குத் தீக்கிற மொத ஆளு நீதான். பிளஸ் டூ கணக்குல நீ எடுத்த மார்க்கு எனக்குத் தெரியும். தாய்மாமங்கிறதால இத்தனை வருசமா வெளிய விடாம வச்சிருக்கேன்.

ஒந் தாள்ல இருக்குறது ஹெச்பிஎஸ்ஏஜி. வைரஸோட மேலுறைப் புரதம். அது ரத்தத்துல இருந்தா ஆளு உள்ள குடியிருக்கான்னு அர்த்தம். நாங்க வேலைக்குச் சேந்த காலத்துல இதுக்கு ஆஸ்திரேலியா ஆண்டிஜன்னு பேரு. ஒருத்தன் ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டு, “நான் தென்காசி தாண்டுனதே இல்லையே சார்”னு அழுதான். அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னா, அமெரிக்காவுல புளும்பெர்க்னு ஒரு டாக்டர். 1960-கள்ல அவரு தேடுனது மஞ்சக்காமாலையவே இல்ல. ஊரூரா, சாதிசனத்துக்குச் சாதிசனம் ரத்தம் எப்படி மாறுதுன்னு பாத்துக்கிட்டிருந்தாரு. ரத்தம் உறையாத நோய்க்காரன் ஒருத்தன், நெறையப் பேரு ரத்தத்தை ஏத்திக்கிட்டவன். அவன் ரத்தத்துல இருந்த ஆண்டிபாடி, ஆஸ்திரேலியப் பழங்குடி ஆளு ஒருத்தரோட ரத்தத்துல இருந்த ஏதோ ஒண்ணைப் புடிச்சிக்கிட்டுது. அதைத் தொரத்திக்கிட்டே போனதுலதான் இந்த வைரஸு அம்புட்டுது. 1976-ல நோபல் குடுத்தாவ. சம்பந்தமே இல்லாத ரெண்டு பேரு ரத்தத்தைச் சேத்து வச்சுப் பாத்து அவரு உண்மையைக் கண்டுபுடிச்சாரு. நீ கட்டுன பொண்டாட்டி ரத்தத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டே தப்பாப் படிக்க.

இப்ப அவ தாளு. ஹெச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ். அதை நீ படிக்கவே இல்ல, நேரா பாசிட்டிவுக்குப் போயிட்ட. அந்த ரெண்டு பாசிட்டிவும் ஆண்டிபாடி. ஒண்ணு கோர் ஆண்டிபாடி. வைரஸு எப்பமோ ஒரு நாள் அவ ஒடம்புக்குள்ள வந்துச்சுங்கதுக்குச் சாட்சி. தடுப்பூசி போட்டா இது வராது, நெசமான வைரஸு வந்தாத்தான் வரும். இன்னொண்ணு சர்ஃபேஸ் ஆண்டிபாடி. வந்தவனை வெரட்டி அடிச்சதுக்குச் சாட்சி. அது 10 இருந்தாலே பாதுகாப்புன்னு எடுத்துக்கிடுவோம், அவளுக்கு 240 இருக்கு. வைரஸு அவ வீட்டு வாசல்ல வந்து நின்னுருக்கு, அவ வெளக்குமாத்தை எடுத்துருக்கா. ஒன்னையும் சமாளிச்சிருக்கா, ஒன் வைரஸையும் சமாளிச்சிருக்கா. இந்தத் தாளை மடிச்சு வைக்காத, கண்ணாடி போட்டு மாட்டு.

எப்ப வந்துச்சுன்னு கேக்குதியா? ரிப்போர்ட்டுல ஒரு தேதி போட்டிருக்கும். அது ரத்தம் எடுத்த தேதி, வைரஸு வந்த தேதி இல்ல. எந்த லேப்புக்காரனாலயும் அந்தத் தேதியைச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு ஒரு நெனப்பு இருக்கு. கல்யாணமாகி நாலாம் மாசமோ என்னமோ, அவளுக்குச் சோறு எறங்கல, ஓங்கரிச்சுக்கிட்டே கெடந்தா. ஒங்கம்மை விசேசம்னு நெனச்சுப் பாயாசமே வச்சிட்டா. எனக்கும் ஒரு டம்ளர் வந்துச்சு. பத்து நாள்ல எல்லாம் சரியாப் போச்சு, விசேசமும் இல்லைன்னு ஆச்சு. இந்த வைரஸு உள்ள போயி 1 மாசத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள ஆளைக் காட்டும். பல பேருக்குக் காட்டவே காட்டாது. கண்ணும் மஞ்சளிக்காது, மூத்திரமும் மஞ்சளிக்காது, ரெண்டு நாள் அசதி, அம்புட்டுத்தான். அவளுக்கு அப்ப வந்தது இதுவா இருக்கலாம், முந்தின நாள் மீன் கொழம்பாவும் இருக்கலாம். நான் சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ண மாட்டேன்.

ஒனக்கு மட்டும் ஏன் போகலன்னுதான் நீ கேட்டிருக்கணும். கேக்கல. நானே சொல்லுதேன்.

வளந்த ஆளுக்கு இது புதுசா வந்தா, 100 பேருல 95 பேருக்கு மேல ஒடம்பே சண்டை போட்டுத் தொரத்திரும். பெறந்த பிள்ளைக்கு வந்தாத்தான் தொல்லை. 100-க்கு 90 பிள்ளைக்கு அது போகாது. ஏன்னா பச்சைப் பிள்ளை ஒடம்புக்கு யாரு சொந்தம், யாரு அசலூருன்னு தெரியாது. வைரஸு வீட்டோட மாப்பிள்ளையா வந்து உக்காந்துக்கிடும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. அவனும் சத்தம் காட்டாம சாப்பிட்டுக்கிட்டுக் கெடப்பான். முப்பது, நாப்பது வருசம் கழிச்சு ஒரு நாள் ஈரலு சுவரு ஈரம் பாஞ்சு நிக்கையிலதான், ‘இவன் யாருல?’ன்னு வீட்டுக்காரன் கேப்பான். எல்லா வீட்டோட மாப்பிள்ளையும் வீட்டை இடிக்க மாட்டான், சில பேரு கடைசி வரைக்கும் சும்மாவே இருப்பான். இருந்தாலும் கண்ணு வச்சுக்கிடணும்.

ஒனக்கு வயசு முப்பத்தெட்டு. ஐஜிஎம் கோர்னு ஒண்ணு தனியா எடுத்திருக்காவ பாரு, அது நெகட்டிவ். புதுசா வந்திருந்தா அது பாசிட்டிவா இருக்கும். அப்பம் இது பழைய சரக்கு. நீ மீசை மொளச்ச பெறவு பண்ணுன எந்தச் சேட்டையும் இதுக்குக் காரணமா இருக்கணும்னு இல்ல. குத்தாலத்துல சேக்காளிகளோட ரூமு போட்டு என்ன பண்ணுனியோ, அதைப் பத்தி நான் இப்ப கேக்கல. கேக்காதப்பவே முழிக்க. ஒம் பொண்டாட்டி இதே தாளைக் காட்டி ஒன்னைக் கேட்டிருந்தா நீ என்ன சொல்லிருப்ப, அதை மட்டும் யோசிச்சுப் பாரு. அவ கேக்கல. நீதான் கெளம்பி வந்துட்ட.

ஒலக சுகாதார நிறுவனத்துக் கணக்குல 2022-ல ஒலகம் முழுக்க 25 கோடியே 40 லட்சம் பேருக்கு இது நாள்பட்டு நிக்குது. நம்ம நாட்டுல மட்டும் 3 கோடிக்குக் கிட்ட. இத்தனை பேரும் நடத்தை கெட்டவம்னா நாட்டுல பஸ்ஸு ஓட்ட, பாலு கறக்க ஆளு ஏதுல?

அப்பம் சின்னதுலயே ஒனக்கு எப்படி வந்துச்சு? ரெண்டு மூணு வழி இருக்கு. அந்தக் காலத்து ஊசி. கண்ணாடி சிரிஞ்சு, ஒரு ஸ்டவ்வு, ஒரு சட்டித் தண்ணி. கொதிச்சுதா, சூடேறுச்சான்னு பாக்க யாருக்கு நேரம்? வரிசையில நின்ன பத்துப் பிள்ளைக்கும் அதே ஊசிதான் போச்சு. காது குத்து, மொட்டை, எல்லாம் ஒரே கத்தி. இந்த வைரஸு வெளிய காஞ்ச ரத்தத்துல கூட 7 நாளு உசிரோட கெடக்கும். இதெல்லாம் ஒரு வழி. இன்னொரு வழி, பிரசவத்தப்ப தாய்ட்ட இருந்து பிள்ளைக்கு.

என்ன, ‘எங்கம்மையா?’ங்குத. குரலைத் தாழ்த்து, உள்ளதான் இருக்கா.

இந்த மூணு நாளா ஒங்கம்மை, எங்கூடப் பெறந்த அக்கா, என்ன பண்ணிக்கிட்டிருக்கா? மருமவளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், தனியா ஒரு செம்பு. டம்ளர் அடியில ஆணியால கீறி அடையாளம் வேற வச்சிருக்கா. மவனுக்கு மட்டும் வழக்கமான வெள்ளித் தம்ளர். வைரஸு இருக்குறது மவன்ட்ட, தனித் தட்டு மருமவளுக்கு! எங்கக்கா நியாயம் சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், எனக்கு அது பழகிட்டு. சிரிப்பு என்னன்னா, ஒனக்கு இது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் தேட ஆரம்பிச்சா, மொதல்ல ரத்தம் எடுக்க வேண்டியது டம்ளர்ல கீறுன அந்தக் கையிலதான். அவ மேல குத்தம் இல்ல. நீ வீட்டுல பெறந்தவன். அப்ப கர்ப்பிணிக்கு இந்த டெஸ்டும் கெடையாது, பெறந்த பிள்ளைக்கு ஊசியும் கெடையாது. அவளுக்கே அவ அம்மைட்ட இருந்து வந்திருக்கலாம், அதாவது எங்கம்மைட்ட இருந்து. அந்தக் கணக்குல நானும் மாட்டிருக்கணும். நான் லேப்புல சேந்தப்பவே பாத்துட்டேன், இல்ல. எல்லாப் பிள்ளைக்கும் வந்துரணும்னு சட்டம் இல்ல.

டம்ளரைப் பத்திச் சொல்லிருதேன். சாப்பாட்டுல, தண்ணியில, தட்டுல, தும்முல, தொட்டுப் பேசுறதுல, ஒரே பாயில ஒறங்குறதுல இது ஒட்டாது. கண்ட தண்ணியையும் குடிச்சு வார மஞ்சக்காமாலை வேற, அது ஏ, ஈ-ன்னு வேற சாதி வைரஸு. இது ரத்தத்துல, விந்துல, பொம்பளை ஒடம்பு நீருல போற வைரஸு. அதனால நீ தனியா வைக்க வேண்டியது தட்டு இல்ல, பிளேடு, பிரஷ்ஷு, நகவெட்டி. நீ பிளேடை எங்க வைக்குத? பாத்ரூம் கண்ணாடி மேல, பொண்டாட்டி பிரஷ்ஷுக்குப் பக்கத்துல. தம்பி அவசரத்துக்கு அதையே எடுத்துச் செரைக்கான். எங்கக்கா அதைத் தெனம் பாக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டா. டம்ளர்தான் கண்ணுக்குத் தெரியும். வெட்டுக்காயம் பட்டு ரத்தம் கீழ சிந்துனா, சிந்துன எடத்தை நீயே தொடச்சு, பிளீச்சிங் தண்ணி ஊத்திக் கழுவு. ரத்ததானத்துக்குப் போகாத.

ஒம் பொண்டாட்டி தப்பிச்சுட்டா, அதனால ஒனக்கு வசதி. நெறைய வீட்டுல அப்படி இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு, யாருன்னு கேக்காத, லேப்புல இருந்தவன் வாய்க்குப் பூட்டு உண்டு. புருசனுக்கு பாசிட்டிவ். பொண்டாட்டிக்கு எல்லாமே நெகட்டிவ், ஆண்டிபாடியும் இல்ல. அவன் சொல்லுதான்: “பதினஞ்சு வருசமா வராதது இனிமேலா சார் வரப்போவுது?” ஏதோ அது பஸ்ஸை விட்டுட்டு ஊருக்குத் திரும்பிட்ட மாதிரி. அவன் ரத்தத்துல வைரஸு எண்ணிக்கை கம்மியா இருந்திருக்கும், அதனால தப்பிச்சிருப்பா. அந்த எண்ணிக்கை வருசத்துக்கு வருசம் ஏறும் எறங்கும். இத்தனை வருசம் வரலங்கது அதிர்ஷ்டம், அதை வச்சு அடுத்த வருசத்துக்கு உத்தரவாதம் எழுத முடியாது. அவளுக்குத் தேவை மூணு ஊசி. இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாம் மாசம் ஒண்ணு. மூணாவது போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆண்டிபாடி 10 தாண்டுச்சான்னு எண்ணிப் பாக்கணும். சில பேருக்கு மொத மூணுல புடிக்காது, இன்னொரு சுத்து போடணும். அந்த எண்ணிக்கை வார வரைக்கும் நிரோத்து. ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே குடுக்கான். அவன் வெக்கப்பட்டுக்கிட்டு என்னைய வாங்கி வரச் சொன்னான். நான் இந்த வயசுல போயி கவுண்டர்ல நின்னா நர்ஸம்மா என்னைய மேலயும் கீழயும் பாக்கா. “எனக்கில்லம்மா”ன்னேன். “எல்லாரும் அப்படித்தான் தாத்தா சொல்லுதாவ”ன்னுட்டா.

இந்த ஊசியும் ஒரு காலத்துல வசதிக்காரன் ஊசிதான், வெளிநாட்டுல இருந்து வந்தது. 1997-ல ஐதராபாத்துக் கம்பெனி ஒண்ணு இங்கயே செஞ்சு எறக்குன பெறவுதான் வெலை எறங்குச்சு. பெறகு கவர்மெண்ட்டே பிள்ளைகளுக்குப் போட ஆரம்பிச்சுட்டு. ஒம் பிள்ளைக ரெண்டும் ஆஸ்பத்திரியில பெறந்துச்சுக. பெறந்த 24 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு, பெறவு ஒன்றரை, ரெண்டரை, மூணரை மாசத்துல பென்டா. கார்டை எடுத்துப் பாரு, எழுதியிருக்கும். அதுகளுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துட்டா ஒம் மனசு அடங்கும். ஒங் காலத்து ஆளுகதான் நடுவுல மாட்டுனவிய.

வைத்தியம்னு சொன்ன ஒடனே கீழாநெல்லிக்கு ஓடிருப்பியே? ஓடிட்டியா? வாய் பச்சையா இருக்கும்போதே நெனச்சேன். சொன்னா சிரிப்ப, நாங்களும் நம்புனவங்கதான். 1987-ல அந்தப் புளும்பெர்க்கே இந்தச் செடிச் சாறை வச்சு ஆராய்ச்சி பண்ணுனாரு. அடுத்த வருசம் நம்ம சென்னை தியாகராஜன் கூட்டத்தார் லான்செட்டுங்கிற லண்டன் பத்திரிகையில எழுதுனாவ, 37 பேருக்குக் குடுத்ததுல 22 பேருக்கு ஆண்டிஜன் மறைஞ்சிட்டுன்னு. லேப்புல எங்களுக்குத் தலைகால் புரியல, வேலிச்செடிக்கு ஒலகத்துல பேரு வந்துட்டேன்னு. பெறவு மத்தவிய செஞ்சு பாத்தாவ. அந்தப் பலன் திரும்பி வரல. எனக்கு இன்னும் வருத்தந்தான். ஆனா வருத்தத்துக்காக ஒன் ஈரலை அடகு வைக்க முடியாது.

நீ போக வேண்டியது திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரி. 2018 ஜூலை 28-ல, அந்தப் புளும்பெர்க் பொறந்த நாள் அது, மத்திய சர்க்காரு இதுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சு டெஸ்டும் மாத்திரையும் எலவசமாக் குடுக்கான். வைரஸு எத்தனை இருக்கு, ஈரல் நொதி என்ன, ஸ்கேன்ல என்னன்னு பாப்பாவ. எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிட்டா சில பேருக்குப் போதும். தேவைன்னா டெனோஃபோவிர். குடுத்தா தெனம் ஒண்ணு, நீயா நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டுனா அமுங்கிக் கெடக்குறவன் பொங்கி எந்திரிப்பான், ஈரலு கெட்டவங்களும் உண்டு. பெறவு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரோட்டு முக்குக் கடைக்குப் போவியே, அந்தப் பச்சை போர்டு பிராந்திக் கடை. அங்க ஒன் பேரை அடிச்சிரச் சொல்லு. அதை மட்டும் மாமா சிரிச்சுக்கிட்டே சொல்லலை.

அவளும் ஒண்ணு ஞாபகம் வச்சுக்கிடணும். வெரட்டுனாலும் வைரஸோட விதை ஈரலுக்குள்ள எங்கயாவது ஒட்டிக் கெடக்கும். நாளைக்கு எதுக்காவது கேன்சர் மருந்தோ, எதிர்ப்புச் சக்தியை அமுக்குற மருந்தோ குடுத்தா, அது திரும்ப மொளைக்கலாம். அந்தத் தாளைப் பத்திரமா வச்சு டாக்டர்ட்ட காட்டணும். ஜெயிச்சவதான், ஆனா பத்திரத்தைத் தொலைச்சிரக் கூடாது.

ஒந் தம்பிக்கும் எடுக்கணும். இந்தப் பிளேடு விவகாரம் இருக்கு, ஒரே தாய் வயித்துல பெறந்த விவகாரமும் இருக்கு. அவனுக்குத் தையில கல்யாணம் பேசுதாவ. இல்லைன்னா இப்பவே மொத ஊசியைப் போட்டுரலாம். இருந்தா அந்தப் பொண்ணு வீட்டுல நானே போயிச் சொல்லிருவேன், அதுக்கும் மூணு ஊசி. ஒளிச்சு வச்சு ஆறு மாசம் கழிச்சு இன்னொரு பாயாசம் வைக்க வேண்டாம்.

ஒங்கம்மைய எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு கேக்குதியா? சுகர் டெஸ்டுன்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்குதியா? அது ஆகாது, தெரியாம ஒருத்தர் ரத்தத்தைப் பாக்கக் கூடாது, அது லேப்புக்காரன் தருமம். தெரிஞ்சேதான் வரணும். நீ சொன்னா பொண்டாட்டி சொல்லிக் குடுத்ததும்பா. மருமவ சொன்னா வீடு ரெண்டாயிரும். எங்கக்காட்ட நான் பேசிக்கிடுதேன். மொதல்ல ரெண்டு வசவு விழும், அது எனக்குப் புதுசு இல்ல. வெறும் வயித்தோட வரணும்னு இல்ல, காப்பியைக் குடிச்சுட்டே வரலாம்னா அவளுக்குப் பாதி கோவம் எறங்கிரும். ஆட்டுக்குத் தண்ணி வச்சிட்டு வாரேன், நீ பைக்கை எடு. அதுக்கு முந்தி உள்ள போயி ஒம் பொண்டாட்டிட்ட அந்த 240-ஐச் சொல்லிட்டு வா, அவளுக்கு இன்னும் யாரும் சொல்லலை.